வீடும் மனையும்: கொல்லையில் ஆடுகளம், அடியில் அடங்காத மண் (வாசகர் கேள்வி பதில்)

கொல்லைப்புறத்தில் செயற்கை ஆடுகளம் அமைப்பது பற்றித் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டுள்ளோம். பெரும்பாலோர் எந்தப் புல் நல்லது, எந்த நிறுவனத்தின் ஓடு நல்லது என்றே கேட்கின்றனர். அடியில் உள்ள மண்ணைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் சிலரே. அவர்களுடைய கடிதங்களுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: டோங்காட்டில் முன்பு கரும்புத் தோட்டமாக இருந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வீட்டின் பின்புறம் 12 மீட்டர் அகலமும் 22 மீட்டர் நீளமும் உள்ள இடம் காலியாகக் கிடக்கிறது. பேரன்கள் கிரிக்கெட்டும் பேத்தி கூடைப்பந்து போன்ற நெட்பாலும் ஆடுவதற்கு அங்கே ஒரு தளம் போட்டுத் தர ஆசை. மண் கறுப்பு. மழைக்காலத்தில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜூலை மாதத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கிறது. 100 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போட்டு, அதன்மேல் செயற்கைப் புல்லை விரித்து ஒட்டிவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். அதே முறையில் போட்ட பக்கத்து வீட்டுத் தளமோ இரண்டே ஆண்டில் நடுவில் மேடு தட்டிவிட்டது. யார் பேச்சை நம்புவது, ஐயா? (டோங்காட் வாசகர்)

பதில்: பக்கத்து வீட்டுத் தளத்தையே நம்புங்கள், ஐயா. உங்கள் மனைக்குச் செலவில்லாமல் நடந்து முடிந்த சோதனை அது.

டோங்காட் அமைந்துள்ள நேட்டால் கரையோரத்தில் டோலரைட் என்னும் கரும்பாறை சிதைந்து உண்டான கறுப்புக் களிமண் பல இடங்களில் உள்ளது. அதில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் நீரைத் தன் படலங்களுக்கிடையே இழுத்துக்கொண்டு வீங்கும். நீர் போனால் சுருங்கும். நம் ஊர்க் கரிசல் மண்ணின் குணமும் இதுவே. திறந்த நிலத்தில் மழைநீர் இறங்குவதும் வெயிலில் ஆவியாவதும் மாறி மாறி நடக்கும். அதன்மேல் ஒரு கான்கிரீட் பலகையைப் போட்டு மூடியவுடன் நடுப்பகுதியில் ஆவியாதல் நின்று ஈரம் மெல்ல மெல்லச் சேர்கிறது. ஓரங்களோ முன்போலவே மழையில் நனைந்து, குளிர்காலத்தில் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே நடு எழும்புகிறது, ஓரம் தாழ்கிறது. கனத்தைக் கூட்டினால் அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். 100 மில்லிமீட்டர் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ எடையே தரும். இந்த மண் வீங்கும்போது மேல்நோக்கித் தரும் அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. வீட்டுச் சுவரையே தூக்கி விரிசல் விடச் செய்யும் மண்ணுக்கு ஆடுகளத்தின் எடை ஒரு பொருட்டே அல்ல.

முதலில் மண்ணை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் வீடு 1998 ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் கட்டப்பட்டதாயின், வீடு கட்டுநர் பதிவுக் குழுமமான என்.எச்.பி.ஆர்.சி.க்குத் தந்த ஆவணங்களில் மனையின் வகை எழுதப்பட்டிருக்கும். எச் என்றால் அசைவு 7.5 மில்லிமீட்டருக்குள், எச்1 என்றால் 15 வரை, எச்2 என்றால் 30 வரை, எச்3 என்றால் அதற்கும் மேல். சி என்ற எழுத்து இருந்தால் நனைந்ததும் திடீரென்று அமுங்கும் மணல் மண். எஸ் என்றால் சுமை ஏற ஏற மெல்ல அமுங்கும் மண். ஆர் என்றால் பாறை. பழைய வீடாக இருந்து காகிதம் எதுவும் கிடைக்காவிட்டால், அரை மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் கல், வேர் நீக்கி, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் பென்சிலைவிட மெல்லிய திரியாக உருட்டிப் பாருங்கள். திரி உடையாமல் நீண்டு, அதை வளைத்து மோதிரமாக்கினாலும் பிளக்காமல் நின்று, காய்ந்த பிறகு விரலால் நொறுக்க முடியாதபடி கெட்டிப்பட்டால், ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கட்டுவது வீண் செலவாகாது. அவர்கள் மண்ணின் நெகிழ்வுக் குறியீட்டையும் களியின் விழுக்காட்டையும் அளந்து, வான் டர் மெர்வே என்னும் பொறியாளர் 1964 இல் தந்த வரைபடத்தில் வைத்து, எவ்வளவு எழும்பும் என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். இந்த முறை இந்த நாட்டு மண்ணுக்காகவே இங்கே உருவானது.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். புல்லைப் பற்றி ஒப்பந்தக்காரர் சொன்னதில் பெரிய தவறில்லை. கான்கிரீட்டைத்தான் கைவிட வேண்டும். இத்தகைய மண்ணில் அசைவை அறவே நிறுத்துவது ஒரு கொல்லைப்புறத்தின் செலவுக்கு அடங்காது. அசைவைக் குறைத்து, மிஞ்சுவது இடத்துக்கு இடம் வேறுபடாமல் தளம் முழுவதும் ஒன்றுபோல் நடக்கும்படி செய்வதே நமக்குக் கைகூடும் காரியம். அதற்கு ஈரம் எல்லா இடத்திலும், எல்லாப் பருவத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இதனால்தான் வேலையைக் கூரையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். வீட்டின் கூரை 120 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழையில் 6,000 லிட்டர் நீர் இறங்கும். 2022 ஏப்ரலில் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தபோது அதே கூரையிலிருந்து 36,000 லிட்டர் இறங்கியிருக்கும். அந்த இறக்குக் குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்று போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அது பின்புறச் சுவரோரம், ஆடுகளம் வரப்போகும் இடத்தை நோக்கியே திறந்துவிடப்பட்டிருக்கிறது. அதை மூடிய குழாயில் சேர்த்து மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோன பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். துணி துவைக்கும் நீரும் தோட்டக் குழாயின் கசிவும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை.

அடுத்தது மரம். பெரிய மாமரமோ யூகலிப்டஸோ அருகில் இருந்தால் அது வெயில் காலத்தில் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சி அங்கே மண்ணைச் சுருக்கும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளித் தளம் அமைப்பது நல்ல வழக்கம். 12 மீட்டர் அகல மனையில் இது நடக்கக் கூடியதன்று என்பது தெரியும். ஆகவே வேர் தடுக்கும் தகட்டை ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் இறக்குங்கள். மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டிய உடனே தளம் போடக் கூடாது. அதுவரை மரம் குடித்துவந்த நீர் மண்ணில் திரும்பச் சேர்ந்து, அந்த இடம் ஒரு மழைக்காலமாவது எழும்பிக்கொண்டேயிருக்கும். கறிவேப்பிலையும் வாழையும் தளத்தின் ஓரத்தில் வேண்டாம்; குறிப்பாக வாழைக்கு நாள்தோறும் நீர் விடுவது ஓர் ஓரத்தை மட்டும் ஊறவைப்பதாகும்.

மண்வேலையில், மேல்மண்ணோடு சேர்த்து 600 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுக்கச் சொல்வேன். உங்கள் இடத்துக்கு அது ஏறத்தாழ 158 கனமீட்டர். தோண்டிய களி உப்பி 200 கனமீட்டரைத் தொடும். 10 கனமீட்டர் ஏற்றும் லாரிக்கு இருபது நடை. வீட்டுப் பக்கச் சந்தில் லாரி நுழையுமா என்பதை இப்போதே அளந்து கொள்ளுங்கள், ஏனென்றால் பல திட்டங்கள் மண்ணால் கெடுவதற்கு முன் சந்தால் கெடுகின்றன.

தோண்டிய குழியில் எதைக் கொட்டுவது என்பதில்தான் நன்றாக வேலை தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். நீர் எளிதாக வடியட்டும் என்று சுத்தமான ஜல்லியையோ ஆற்று மணலையோ நிரப்பிவிடுகிறார்கள். சுற்றிலும் நீர் புகாத களி, நடுவில் நீர் எளிதாகப் புகும் ஜல்லி என்றால், அது அடைத்த குளியல் தொட்டிதான். ஒவ்வொரு மழைக்கும் நீர் அங்கே தேங்கி, அடியில் உள்ள களியை நாள்கணக்கில் ஊறவைக்கும். நிரப்பும் மண் வீங்காததாகவும், அதே சமயம் நீரை எளிதில் விடாததாகவும் இருக்க வேண்டும். இந்நாட்டுச் சாலை வகைப்பாட்டில் ஜி7 எனப்படும் கிராவல் அதற்குப் பொருந்தும். குழியின் அடியில் 150 மில்லிமீட்டர் களியைக் கிளறி, எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு நீற்றுச் சுண்ணாம்பு கலந்து, நனைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி கலந்து இறுக்குங்கள். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களியின் வீங்கும் குணத்தை வெகுவாகக் குறைத்துவிடும். சரியான பங்கை ஆய்வுக்கூடம் சொல்லும். 4 பங்கு என்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ அளவில் வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் அதைத் தொட வேண்டாம், காற்றடிக்கும் நாளில் தூவவும் வேண்டாம். அதன்மேல் ஜி7 அடுக்கடுக்காக, எல்லாவற்றுக்கும் மேலே அதைவிட உயர்ந்த தரக் கிராவலான ஜி5 ஓர் அடுக்கு, ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர், ஒவ்வொன்றையும் தனித்தனியே நனைத்து ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே ஒரே ஒரு முறை ரோலர் ஓட்டுகிறவரை அன்றே நிறுத்திவிடுங்கள்.

இறுக்கம் போதுமா என்பதை டி.சி.பி. என்னும் கூம்புக் கம்பியால் பார்க்கலாம். 8 கிலோ சுத்தியலை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளும் எளிய கருவி அது. தளத்தின் ஆறேழு இடங்களில் அடித்து, எண்கள் ஒன்றுக்கொன்று அருகில் வருகின்றனவா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மிக நல்ல எண் வருவதைவிட எல்லா இடத்திலும் சுமாரான ஒரே எண் வருவது உங்கள் மண்ணுக்கு நல்லது.

முடிந்த தளம் சுற்றியுள்ள நிலத்தைவிட 100 மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். வாட்டம் நூற்றுக்கு ஒன்று, ஒரே பக்கமாக. 12 மீட்டர் அகலத்துக்கு 120 மில்லிமீட்டர் இறக்கம். நடுவில் மேடாக வைத்து இரு பக்கமும் இறக்குவதைவிட இதுவே ஆட்டத்துக்கும் வடிகாலுக்கும் ஏற்றது. தாழ்ந்த ஓரத்தில் கான்கிரீட்டால் ஆன சாக்கடை. மற்ற மூன்று ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாவுகல்லோ தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் சரளையோ போட்டு ஓரத்து மண் காய்வதைத் தடுக்க வேண்டும். இந்த ஒரு மீட்டரை யாரும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

எப்போது தொடங்குவது? ஜூலையில் மண் வறண்டிருப்பதால் இயந்திரம் ஓட்டுவது சுலபம். ஒப்பந்தக்காரர்களும் அதையே விரும்புவார்கள். ஆனால் சுருங்கிக் கிடக்கும் களியின்மேல் போட்ட தளம் அடுத்த கோடை மழையில் எழும்புவது உறுதி. மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இன்னும் நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில் தோண்டுங்கள். குளிர்காலத்தில்தான் முடியும் என்றால் விரிசல்கள் மூடும்வரை பல நாள் நீர் தெளித்த பிறகு வேலை தொடங்கட்டும்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரிக்கெட் ஆடுகளத்தில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர். உங்களிடம் உள்ளது 22. பந்து வீசுபவர் ஓடி வர இடமில்லை. சிறுவர்களுக்கு 16 மீட்டர் போதும், மீதியை ஓட்டத்துக்கு விடுங்கள். நெட்பாலில் கோல் வட்டத்தின் ஆரம் 4.9 மீட்டர், அதாவது குறுக்கே 9.8; அது 12 மீட்டர் அகலத்துக்குள் வசதியாக அடங்கும். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். முழுக் களம் 30.5 மீட்டர் நீளமாதலால் அதை மறந்துவிட்டு, பேத்தி கோல் பயிற்சி செய்ய ஒரு முனையை ஒதுக்குங்கள். இரண்டுக்கும் பொதுவாக 15 மில்லிமீட்டர் அளவுள்ள குட்டைப் புல்லும் அதில் சிலிக்கா மணல் நிரப்பலும் பொருந்தும். கால்பந்துக்கான 50 மில்லிமீட்டர் நீளப் புல்லில் பந்து எழும்பாது. சட்டென்று நின்று திரும்பும் நெட்பாலில் அது கால் மூட்டுக்கும் ஆகாது. மணல் நிரப்பிய புல்லில் இன்னொரு வசதி உண்டு. சில ஆண்டுகளில் ஓரிடம் பத்து மில்லிமீட்டர் தாழ்ந்தால், புல்லைச் சுருட்டி, கல்தூள் தூவி, ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, மறுபடி விரித்துவிடலாம். கான்கிரீட்டில் ஒட்டிய புல்லுக்கு அந்த வழி இல்லை. நெட்பால் கம்பத்தின் அடிக்கான்கிரீட்டைத் தளத்தின் ஓரக்கட்டோடு சேர்த்து வார்க்காமல், இடையில் இடைவெளி விட்டுத் தனியே நிறுத்துங்கள். கம்பமும் தளமும் வெவ்வேறு அளவில் அசையும்.

கேள்வி: பிரிட்டோரியாவுக்குத் தெற்கே சென்சூரியனில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்புறத்தில் ஐவர் கால்பந்துக்கான சிறிய செயற்கைப் புல்தளம் அமைக்க இருக்கிறோம். மழைநீரை வீணாக்காமல் தளத்தின் மூலையில் உறிஞ்சு குழி வெட்டி நிலத்தடிக்கு அனுப்பலாம் என்று கணவர் கூறுகிறார். எங்கள் பகுதி டோலமைட் நிலம் என்று வீட்டுப் பத்திரத்தோடு வந்த தாளில் உள்ளது. அதனால் ஏதேனும் தடை உண்டா? (சென்சூரியன் வாசகி)

பதில்: உண்டு, அம்மா. உறிஞ்சு குழி வேண்டவே வேண்டாம். சென்னையில் நல்ல குடிமகனின் கடமை என்று போற்றப்படும் இந்தச் செயல் உங்கள் நிலத்தில் ஆபத்தாகும்.

டோலமைட் பாறை சற்றே அமிலத்தன்மையுள்ள மழைநீரில் நெடுங்காலமாகக் கரைந்து, உள்ளே குகைகளையும் பிளவுகளையும் கொண்டிருக்கும். மேலே மூடியிருக்கும் மண்ணை, மேலிருந்து ஓரிடத்தில் தொடர்ந்து இறங்கும் நீர் சிறிது சிறிதாக அந்தக் குகைக்குள் அரித்துச் செல்லும். மேற்பரப்பில் எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே வெற்றிடம் வளர்ந்து, ஒருநாள் கூரை இடிந்து விழும். 1962 டிசம்பரில் இதே கௌட்டெங் வட்டாரத்தின் மேற்குப் பகுதியில், வெஸ்ட் டிரைஃபோன்டைன் சுரங்கத்தின் கல் நொறுக்கும் ஆலை இவ்வாறு புதைகுழிக்குள் முழுவதுமாக மறைந்து 29 பேர் மாண்டனர். அங்கே சுரங்கத்துக்காக நிலத்தடி நீர்மட்டத்தை இறக்கியது காரணம். குடியிருப்புகளில் பெரும்பாலும் கசியும் குழாயும் தேங்கும் மழைநீருமே காரணமாகின்றன.

ஆகவே டோங்காட் வாசகருக்குச் சொன்னதில் ஈரத்தைச் சமமாக வைத்திருப்பது நோக்கம் என்றால், உங்களுக்கு நீரை மண்ணுக்குள் விடாமலிருப்பதே நோக்கம். புல்லுக்கு அடியில் நீர் ஊடுருவும் ஜல்லிப் படுகை போடும் வழக்கமான முறையை விட்டுவிடுங்கள். இறுக்கிய மண்ணின்மேல் நீர்புகா விரிப்பு ஒன்றை இட்டு, அதன் இணைப்புகளை உருக்கி ஒட்டி, மேலே மெல்லிய வடிகால் அடுக்கும் புல்லும் வரட்டும். அடுக்கில் சேரும் நீர் இணைப்பு கசியாத குழாய் வழியே மாநகராட்சியின் மழைநீர் வடிகாலுக்குப் போக வேண்டும். புல்லைக் கழுவுவதற்கென்று நிலத்தடியில் புதிய தண்ணீர்க் குழாய் பதிக்காதீர்கள். பதித்தே ஆக வேண்டுமானால் இடையில் இணைப்பில்லாத ஒரே நீளக் குழாயாக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணறு பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள்.

எஸ்.ஏ.என்.எஸ். 1936 என்னும் தேசியத் தர ஆவணம் டோலமைட் நிலத்தில் என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதை வகுத்துள்ளது. மனை கூட்டுக் குடியிருப்புக்குள் இருந்தால் அங்குள்ள இடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் தளம் பதிவாக வேண்டும். நிர்வாகக் குழுவிடம் எழுத்து வழியே கேளுங்கள். வேலை தொடங்கும் முன் டோலமைட் நிலத்தில் பழக்கமுள்ள மண்ணியல் பொறியாளர் ஒருவர் பார்த்துவிடட்டும். தளம் போட்ட பின் புல்லில் வட்டமாகத் தாழ்வு தெரிந்தாலோ, ஓரச்சுவரில் வளைந்த விரிசல் தோன்றினாலோ, மண்ணைப் போட்டு நிரப்பாமல், பிள்ளைகளை அங்கிருந்து விலக்கி, தண்ணீர் இணைப்பை மூடிவிட்டு மாநகராட்சியை அழையுங்கள்.

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் சரிவான மனை. முன்னோர் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிச் சமப்படுத்திய கொல்லை. அதில் பாட்மின்டன் களம் அமைக்கலாமா? கீழ்ப்பக்க வேலி ஏற்கெனவே வெளியே சாய்ந்திருக்கிறது. (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: அந்த வேலிதான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை. வெட்டிய பாதி கெட்டி நிலம். தள்ளிய பாதி இறுக்கப்படாத மண், அடியில் பழைய புல்லும் குப்பையும் மக்கிக் கிடக்கும். இரண்டின் எல்லைக்கோட்டின் மேல் எந்தத் தளம் போட்டாலும் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

இரட்டையர் களம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், சுற்றிலும் ஒரு மீட்டராவது தேவை. அது முழுவதும் வெட்டிய பக்கத்திலேயே அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். அடங்கினால் அதுவே சிறந்தது. களம் வீட்டுச் சுவரை நெருங்கினாலும் பரவாயில்லை. அடங்காவிட்டால், தள்ளிய மண்ணை முழுவதும் எடுத்து, கெட்டி நிலத்தைப் படிகளாக வெட்டி, அடுக்கடுக்காக நிரப்பி இறுக்கி, கீழே தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். செடி வைக்கும் குழிவான கான்கிரீட் கற்களை அடுக்கிய சுவர்கள் டர்பன் முழுவதும் இருப்பதால் அது எளிய வேலை என்று தோன்றும். பின்னால் வடிகால் இல்லாமல் அடுக்கிய சுவர் நனைந்த மண்ணின் பாரத்தைத் தாங்காது. வெட்டிய முகத்தில் சாம்பல் நிறத் தகடுகளாக உரியும் ஷேல் பாறை தெரிந்து, அந்தத் தகடுகள் சரிவின் பக்கமே சாய்ந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பாறை மழைக்குப் பின் தன் அடுக்குகளின் மேலேயே வழுக்கிச் சரியும். இங்கே பொறியாளரின் வரைபடமும் 1977 ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சட்டப்படியான மாநகராட்சி ஒப்புதலும் இல்லாமல் சுவர் எழுப்பாதீர்கள். கீழே இன்னொருவர் குடும்பம் உறங்குகிறது.

வலை வேலியை அந்தச் சுவரின் தலையில் நடாமல் உள்ளே தள்ளி நடுங்கள். மூன்று மீட்டர் வேலியின் மேல் அடிக்கும் காற்றின் விசை முழுவதும் சுவரின் உச்சியில் இறங்கும். வலையில் கொடி படரவிட்டால் விசை இன்னும் கூடும்.

கேள்வி: பழைய டென்னிஸ் தளத்தின் கான்கிரீட்டில் விரிசல்கள். அதன்மேல் பிளாஸ்டிக் ஓடுகளைப் பூட்டிவிடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: விரிசலின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பூட்டலாம். மூன்று மீட்டர் நேர்ச்சட்டத்தைத் தளத்தில் கிடத்தி, அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியும் இடங்களை நிரப்பிச் சமமாக்குங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்து நின்றால் அடிமண் இன்னும் அசைகிறது என்று பொருள்; ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் விரிசலின் மேல் பென்சில் குறி வைத்து அளந்த பிறகு முடிவெடுங்கள். ஓடுகள் பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளும். 13 மீட்டர் நீளத் தளத்தில் காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் நாற்பது டிகிரி வேறுபட்டால் அது ஐந்து சென்டிமீட்டர் வரை போகும். சுவரை ஒட்டிப் பூட்டினால் நடுவில் எழும்பும். இடம் விட்டுப் பூட்டுங்கள், கான்கிரீட்டில் ஆணி அடித்து இறுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் காவடிக்குப் பந்தல் போட்டுப் பெரிய பாத்திரங்களில் சமைத்து அன்னதானம் செய்வது வழக்கம். செயற்கைப் புல் போட்டபின் அதே இடத்தில் செய்யலாமா? (ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: பந்தல் போடலாம், சமைக்கக் கூடாது. புல் இழைகள் பாலிஎத்திலீன். 120, 130 டிகிரியிலேயே உருகும். எரிவாயு அடுப்பின் கீழ்ப்பக்கச் சூடும், இறக்கி வைத்த குண்டானின் அடியும் அதைத் தாண்டும். பலகை போட்டுக்கொள்கிறோம் என்று பலர் சொல்வார்கள். பலகை எரிவதற்குள் அடியில் உள்ள புல் உருகிப்போயிருக்கும். சமையலுக்குத் தளத்துக்கு வெளியே ஒரு கான்கிரீட் மேடை போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் சிந்தினாலும் கழுவலாம்.

பந்தல்காரர் கடப்பாரையால் முளை அடிப்பதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முளையும் புல்லையும் விரிப்பையும் துளைத்து, மழைநீர் நேராகக் களிமண்ணுக்குள் இறங்க வழி செய்யும். தளத்தின் ஓரக்கட்டில் நான்கு முதல் எட்டு இரும்பு வளையங்களைத் தொடக்கத்திலேயே பதித்துக் கொண்டால் கயிற்றை அவற்றில் கட்டலாம். இல்லையேல் நீர் நிரப்பிய பீப்பாய்களில் கட்டச் சொல்லுங்கள். விளக்கின் எண்ணெயையும் கற்பூரத்தையும் தாம்பாளத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சிந்திய மஞ்சள் நீரைக் கழுவிவிடலாம். குங்குமக் கறை எளிதில் போகாது.

கேள்வி: செயற்கைப் புல் கோடையில் சுடுமா? பழைய டயர்த் துகள் நிரப்புவது நல்லதா? (வெருலம் வாசகர்)

பதில்: சுடும். நண்பகல் வெயிலில் இழைகளின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டக்கூடும்; வெறுங்காலோடு நிற்க முடியாது. கறுப்பு டயர்த் துகள் சூட்டை இன்னும் கூட்டும், மழையில் அடித்துக்கொண்டு போய் வடிகாலிலும் ஓடையிலும் சேரும். இத்தகைய நுண் பிளாஸ்டிக் நிரப்பலை விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் தடை விதித்து, விளையாட்டுத் தளங்களுக்கு மட்டும் எட்டாண்டு அவகாசம் தந்துள்ளது. கொல்லைப்புறத்துக்குச் சிலிக்கா மணலே போதும். வெளிர் நிற மணலை நிரப்பி, பிள்ளைகள் ஆடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு லேசாக நீர் தெளியுங்கள். சூடு தணியும், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் குளிர்ச்சி நிற்காது. களிமண் மனையாக இருந்தால் தெளிக்கும் நீரின் அளவிலும் கை கட்டுப்பாடாக இருக்கட்டும்.